பரணை ஒழிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

போகிக்கு முந்தின வாரம் பரணை ஒழித்தோம். மூடி தொலைந்த குக்கர், ஓடாத மிக்ஸி, கல்யாண வீடுகளில் வாங்கிவந்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை, பெயர் பொறித்த எவர்சில்வர் தூக்கு, பக்கத்திலேயே என் கல்லூரி நோட்டுகள். ஐந்து வருடமாக இதில் எதையும் யாரும் தொட்டதில்லை. ஆனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்ததும் அம்மா சொன்னது ஒரே வார்த்தைதான்: "இருக்கட்டும்." நோட்டுகளைப் பார்த்தபோது என் வாயிலும் அதேதான் வந்தது.

அந்த 'இருக்கட்டும்' எங்கிருந்து வருகிறது? சோம்பல், கஞ்சத்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பல வருடங்களாக அளந்து பார்த்திருக்கிறார்கள்.

டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்களிடம் "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம் "என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். வாங்குபவர்கள் சொன்னது சுமார் இரண்டேகால் முதல் இரண்டே முக்கால் டாலர். விற்பவர்கள் கேட்டது சுமார் 5.25 டாலர். ஒரே கோப்பைதான், கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அதற்கு ஒரு வருடம் முன்பே நெட்ஷ் தனியாகச் செய்த சோதனை இதைவிடத் தெளிவானது. கோப்பையா, சாக்லேட்டா என்று முதலிலேயே கேட்டபோது 56 சதவீதம் பேர் கோப்பையை எடுத்தார்கள். வேறொரு குழுவுக்குக் கோப்பையை முதலில் கொடுத்துவிட்டு, "வேண்டுமானால் சாக்லேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்றபோது 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு குழுவுக்குச் சாக்லேட்டை முதலில் கொடுத்தார்கள். அங்கே பத்தில் ஒன்பது பேர் சாக்லேட்டை விடவில்லை. எது முதலில் கைக்கு வந்ததோ அதுதான் பிடித்தமானதாகிவிட்டது.

ஒரு பொருள் வருவதில் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, அதே பொருள் போவதில் வரும் வலி பெரிது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். 2008-ல் மூளையைப் படமெடுத்துச் செய்த ஆய்வொன்றில், தனக்குப் பிடித்த பொருளை விற்கும் நேரத்தில் இன்சுலா என்ற பகுதி யாருக்கு அதிகம் தூண்டப்பட்டதோ, அவர்களிடம் இந்தப் பற்றும் அதிகமாக இருந்தது. உடல் வலியிலும் அருவருப்பிலும் இயங்குகிற பகுதி அது. ஆக, அம்மாவுக்கு அந்த மூடியில்லாத குக்கரைத் தரும்போது மனசு வலித்தது என்றால், அதைப் பேச்சுக்குச் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தொடுதலுக்கும் இதில் பங்கு உண்டு. அதே 2008-ல் வேறொரு சோதனையில் சிலர் கோப்பையைப் பத்து நொடி கையில் வைத்துப் பார்த்தார்கள், சிலர் முப்பது நொடி. பிறகு ஏலம் விட்டபோது, முப்பது நொடி வைத்திருந்தவர்கள் அதை வாங்க அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். நாங்கள் பரண் ஒழித்த விதத்தை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தூசி தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி! அடுத்த நாள் முறையை மாற்றினோம். பொருளை நான் தூக்கிக் காட்டினேன், அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் சொன்னார். கேள்வியையும் மாற்றினோம். "இதைப் போடலாமா?" என்று கேட்கவில்லை. "இன்றைக்குக் கடையில் பார்த்தால் வாங்குவாயா?" என்று கேட்டேன். முதல் கேள்வி அம்மாவை விற்பவர் இடத்தில் நிறுத்துகிறது, இரண்டாவது வாங்குபவர் இடத்தில். வேலை வேகமாக நடந்தது.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரும் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரும் இதை ஆய்வில்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. சேலை போகிற அதே நொடியில் கைக்கு ஒரு குண்டான் வந்துவிடுகிறது, இழப்பு கண்ணில் படுவதில்லை. என்ன, வீட்டில் இடம்தான் காலியாவதில்லை.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்? நஷ்டம் கண்ணிலிருந்து தொடங்குகிறது. பார்வைக்குள் பல பொருள்கள் ஒன்றாக வரும்போது, மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றையொன்று அமுக்குகின்றன. அந்தத் தள்ளுமுள்ளில் வேண்டியதை மட்டும் மேலே தூக்கிவிடுவதுதான் கவனம் செய்கிற வேலை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி மெக்மெயின்ஸ், சபீன் காஸ்ட்னர் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. தனித்தனி வடிவங்கள் சேர்ந்து ஒரே உருவமாகத் தெரியும்போது இந்தப் போட்டி குறைகிறது. இதை வைத்து நான் ஒன்று ஊகிக்கிறேன். பாத்திர ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் இருபது தட்டுகள் தொந்தரவு செய்வதில்லை, மேசையில் சிதறிக் கிடக்கும் ஏழெட்டுப் பொருள் தொந்தரவு செய்கிறது. பாரம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் வேலைக்குப் போகும் தம்பதிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு இன்னும் நெருக்கமானது. அவர்களைத் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உயர்ந்திருந்து, மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டும். வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடியவில்லை என்று பேசிய பெண்களிடம் அந்த இறக்கம் மந்தமாக இருந்தது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை. அடைசல்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனால் ஆணுக்கு வெறும் டப்பாவாகத் தெரிவது, பெண்ணுக்கு முடியாத வேலையாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். ஒழிக்க வேண்டிய பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்பது அந்த வீடுகளிலும் நம் வீடுகளிலும் அவ்வளவாக மாறுபடாது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. வாங்கிய சந்தோஷம் சீக்கிரம் பழகிப்போகிறது. புதுப் புடவையும் புது போனும் சில வாரங்களில் சாதாரணமாகிவிடுகின்றன. ஆனால் அதைக் கொடுக்கப் போகும்போது வலி மட்டும் புதிதாக எழுகிறது. உள்ளே வர ஆசை, வெளியே போக வலி என்றால் பரண் நிரம்பாமல் என்ன செய்யும்?

ஆறுதலான விஷயம், அந்த வலியும் பழகிப்போகும் என்பது. டேனியல் கில்பெர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால் வருடக்கணக்கில் வாடிப்போவோம் என்று இளம் பேராசிரியர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த வேலை கிடைக்காமல் போனவர்கள், கிடைத்தவர்கள் அளவுக்கே சந்தோஷமாக இருந்தார்கள். வேலைக்கே இப்படி என்றால் மிக்ஸிக்கு?

நினைவுக்காக வைத்திருக்கும் பொருள் வேறு விஷயம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில், கொடுப்பதற்கு முன்பு பொருளைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொன்ன இடங்களில் 613 பொருள்கள் தானமாக வந்தன. வெறுமனே கொடுக்கச் சொன்ன இடங்களில் 533. பொருளில் தங்கியிருந்த நினைவுக்கு வேறொரு இடம் கிடைத்துவிட்டால் கை தளர்கிறது.

இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டில் நடமாட வழியில்லாத அளவுக்குச் சேர்ப்பவர்களிடம் இதெல்லாம் பலிக்காது. அது 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. அவர்கள் இல்லாத நேரம் பார்த்து அள்ளிப்போடுவது கொடுமை, மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் உதவி. அப்புறம், தேவைப்பட்டால் திரும்ப வாங்கலாம் என்ற தைரியம் பணம் இருப்பவருக்குத்தான் வரும். கிழிந்த துணியையும் பத்திரப்படுத்திக் குடும்பம் நடத்திய தலைமுறையை 'ஏன் சேர்த்தாய்' என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

எவர்சில்வர் தூக்கை நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது அது சமையலறை அலமாரியில் இருக்கிறது, பால் வாங்க அதைத்தான் எடுத்துப்போகிறோம். மூன்று மாதம் கழித்து அம்மாவிடம், போனதில் எதையாவது தேடினாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னென்ன போச்சு, சொல்லு" என்றார்.