ஆங்கிலம் எழுத வருகிறது, பேச ஏன் வருவதில்லை?

ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதிவிடும் மாணவர், அதே செய்தியை எழுந்து நின்று சொல்லச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே தடுமாறி நின்றுவிடுவதை ஆங்கில ஆசிரியர் எவரும் பார்த்திருப்பார். அவருக்குச் சொல்லும் தெரியும், இலக்கணமும் தெரியும். போதாமல் போவது நேரம்.

டச்சு உளமொழியியலாளர் வில்லம் லெவெல்ட் 1989இல் தந்த விளக்கத்தின்படி, பேச்சு மூன்று கட்டங்களில் உருவாகிறது. முதலில் சொல்லவேண்டிய கருத்து திரள்கிறது. அடுத்து அதற்கேற்ற சொற்கள் தேடி எடுக்கப்பட்டு இலக்கணத்தில் கோக்கப்படுகின்றன. பிறகு நாவும் உதடும் அதை ஒலிக்கின்றன. தாய்மொழியில் நடுக்கட்டம் நாம் அறியாமலேயே முடிந்துவிடுவதால், ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் அடுத்ததற்குப் போய்விடுகிறது. கற்கும் மொழியிலோ ஒவ்வொரு சொல்லையும் வினைவடிவத்தையும் கவனம் வைத்துத் தேடவேண்டியிருக்கிறது. கவனம் முழுவதும் அங்கே செலவானபின் கருத்து அறுந்துபோகிறது.

வகுப்பறைப் பேச்சுப் பயிற்சி ஒன்று பயன் தருமா என்பதை, அது இந்த நடுக்கட்டத்துக்கு என்ன செய்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். கீத் மாரிஸ் 1983இல் எழுதிய '4/3/2' முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் ஒரு செய்தியை ஒருவரிடம் 4 நிமிடம் சொல்கிறார். அதையே வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் சொல்கிறார். முதல் சுற்றில் ஒரு மாணவி, "யெஸ்டர்டே மை பிரதர் கோ... வென்ட்... டு தி... டூத் டாக்டர்" என்று திணறுகிறாள், கேட்பவள், "டென்டிஸ்ட்?" என்கிறாள். மூன்றாம் சுற்றில் "மை பிரதர் வென்ட் டு தி டென்டிஸ்ட்" என்று ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. கருத்து ஏற்கெனவே திரண்டிருப்பதால், மிஞ்சிய கவனம் முழுவதும் சொல்லைத் தேடுவதற்குக் கிடைத்தது. ஒருமுறை தேடி எடுத்த சொல் மறுமுறை விரைவாகக் கைக்கு வந்தது. நெல் டி யாங், சார்ல்ஸ் பெர்ஃபெட்டி இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தலைப்பைத் திரும்பச் சொன்னவர்களுக்குக் கிடைத்த சரளம் புதிய தலைப்பிலும் நிலைத்தது. ஒவ்வொரு முறையும் தலைப்பை மாற்றிப் பேசியவர்களுக்கு அப்படி நிலைக்கவில்லை. திரும்பச் சொல்லும்போது பிழையும் சேர்ந்தே படிந்துவிடக்கூடும் என்பதால், சுற்றுகளுக்கு நடுவே ஆசிரியர் ஓரிரு திருத்தங்களைச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

பேசியாகவேண்டிய தேவையை உண்டாக்குவது இன்னொரு வழி. ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படங்களை இருவருக்குக் கொடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் பாராமல் வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 'மேசைக்கு மேலேயா, கீழேயா' என்பதைத் துல்லியமாகச் சொல்லாமல் வேலை நகராது. கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள், நன்றாகப் புரிந்துகொண்டும் பேச்சில் இலக்கணம் பிசகுவதைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன், கேட்பதற்குப் பொருள் புரிந்தாலே போதும், சொல்வதற்கோ வாக்கிய அமைப்பும் வேண்டும் என்று 1985இல் வாதிட்டார். தன்னிடம் எந்தச் சொல் இல்லை என்பது வாயைத் திறக்கும்போதுதான் ஒருவருக்குத் தெரியவருகிறது.

40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தால் 40 நிமிடத்தில் தலைக்கு ஒரு நிமிடமே கிடைக்கும். இணையிணையாகப் பேசவிட்டால் ஒரே நேரத்தில் 20 பேர் பேசலாம். எழுப்பிக் கேட்கத்தான் வேண்டுமென்றால், கேள்விக்குப் பின் சற்றுக் காத்திருக்கவேண்டும். அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடியாக்கினால் விடைகள் நீள்கின்றன என்றும் கண்டார். அதுவும், பெரும்பாலும் தாய்மொழியிலேயே பேசிய பிள்ளைகளுக்குத் தேவைப்பட்ட நேரம். வேற்றுமொழியில் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கவேண்டியிருக்கும்.