இளகிய கம்பிதான் அறுகிறது

பாகம் பாகமாக வாங்கி என் முதல் ரோடு பைக்கைக் கட்டியபோது, வீல் விஷயத்தில் நான் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான்: எடை. ஜோடி 1,500 கிராமுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின் வீலில் வெறும் 20 ஸ்போக்ஸ் கம்பிகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆறே மாதத்தில் டங்கென்று ஒரு சத்தம். ஒரு கம்பி அறுந்து, ரிம் கோணிக்கொண்டு ஃபிரேமில் உரசியது. ஒரு குட்டியானையில் ஏற்றித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அறுந்தது இடதுபக்கக் கம்பி. எனக்கு அது புரியவே இல்லை. பின் வீலில் பல்சக்கரங்கள் வலதுபக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால், வலதுபக்கக் கம்பிகள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். இடதுபக்கக் கம்பிகள் அகலச் சாய்ந்திருக்கும். ரிம் நடுவில் நிற்க இரு பக்கத்துப் பக்கவாட்டு இழுப்பும் சமமாக வேண்டும். அதனால் வலதுபக்கம் விறைப்பாகவும், இடதுபக்கம் ஏறக்குறைய அதில் பாதி இறுக்கத்திலும் இருக்கும். விறைத்துக்கொண்டிருப்பது பிழைத்துவிட, சும்மா இருப்பது ஏன் அறுகிறது?

பதில், சைக்கிள் சக்கரம் சுமையை எப்படித் தாங்குகிறது என்பதில் இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் குழப்பம் இல்லை: அடியில் இருக்கும் ஆரக்கால் தூண் மாதிரி நின்று தாங்குகிறது. ஆனால் 2 மில்லிமீட்டர் கம்பி தூணாக நிற்காது, வளைந்துவிடும். அதனால் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மேல்பக்கக் கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அளந்து பார்த்தால் கதை வேறு. நாம் ஏறி உட்கார்ந்ததும் மேல்பக்கக் கம்பிகளின் இறுக்கம் பெரிதாக மாறுவதில்லை. தரைக்கு நேர் மேலே உள்ள மூன்று நான்கு கம்பிகள்தான் தளர்கின்றன.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தார் பிடியைக் கொஞ்சம் விட்டால் போதும். எதிர்ப்பக்கம் கூடுதலாக இழுக்காமலே கயிற்றின் நடுவில் கட்டிய துணி அங்கே நகர்ந்துவிடும். வீலிலும் அதேதான். அடிக்கம்பி ஹப்பைக் கீழே இழுப்பது குறைகிறது; அந்தக் குறைவே ஹப்பை மேலே தாங்கும் விசையாகிறது. முன்கூட்டியே இறுக்கி வைத்திருப்பதால் மட்டுமே இந்த வித்தை பலிக்கிறது.

எவ்வளவு இறுக்கம்? ஒரு கம்பிக்குச் சுமார் 100 கிலோ. 32 கம்பி என்றால் மொத்தம் 3,200 கிலோ. கணக்குப் போட்டால் ரிம்மின் எந்த இடத்திலும் ஏறக்குறைய 500 கிலோ அமுக்கம் இருந்துகொண்டே இருக்கிறது, சைக்கிள் சும்மா சுவரில் சாய்ந்திருக்கும்போதுகூட. ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால் பின் வீலின் பங்கு 50 கிலோ சுமார். அதைத்தான் அந்த மூன்று நான்கு கம்பிகள் தங்கள் இறுக்கத்திலிருந்து விட்டுக்கொடுக்கின்றன.

இப்போது இடதுபக்கத்துக்கு வருவோம். வீல் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகிறது. அப்படியானால் 1,000 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் 4.7 லட்சம் தடவைக்கு மேல் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. கம்பியை அறுப்பது இறுக்கம் அல்ல, இந்த ஓயாத ஏற்ற இறக்கம். பேப்பர் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது மாதிரிதான், கொஞ்சம் மெதுவாக. நல்ல இறுக்கத்தில் உள்ள கம்பி எவ்வளவு தளர்ந்தாலும் கையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஏற்கெனவே இளகியதோ பள்ளத்தில் இறங்கும்போது பூஜ்யத்துக்கே போய்விடும். அந்த நொடியில் ஹப் ஓட்டையில் மாட்டியிருக்கும் அதன் வளைந்த கழுத்து ஆடுகிறது, கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் குட்டி நட்டான நிப்பிள் கழன்றுகொள்கிறது. ஒரு நாள், டங்.

வீலின் ஆயுளை முடிவு செய்வது முதலில் அதைக் கோத்தவரின் கைதான். ரிம்மின் விலை அதற்குப் பிறகு. இழுத்துக் கட்டிய கம்பிகளால் சுமை தாங்கும் யோசனையும் பழையது: 1808-இல் ஜார்ஜ் கேலி, தன் பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடும்போது, இழுத்துக் கட்டிய இழைகளால் சக்கரம் செய்யலாம் என்று குறித்துவைத்தார். கம்பிகளை ஹப்பிலிருந்து சாய்வாகக் கிளப்பி, ஒன்றையொன்று கடக்கும்படி கோக்கும் முறைக்கு இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை வாங்கினார். ஹப்பின் முறுக்கு விசை ரிம்முக்குப் போக அந்தச் சாய்வு வேண்டும். அதனால்தான் டிஸ்க் பிரேக் வந்த பிறகு முன் வீலிலும் குறுக்குக் கோப்பு கட்டாயமாகிவிட்டது.

முதல் வண்டிக்கு என் தேர்வு: அலுமினிய ரிம், முன்னே 28, பின்னே 32 கம்பி, கையால் கோத்தது. கம்பி நடுவில் 1.8 மில்லிமீட்டராக மெலிந்த வகையாக இருக்கட்டும். மெலிந்த நடுப்பகுதி ரப்பர் போலக் கூடுதலாக நீண்டு கொடுப்பதால் கழுத்துக்குப் போகும் தொல்லை குறைகிறது. மெல்லியது நீடித்து உழைக்கும் அபூர்வமான இடம் இது. நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும்; கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு அலுமினிய நிப்பிள் உப்புக்காற்றில் பொரிந்து இறுகிப்போகும். 32-இல் ஒன்று அறுந்தால் கோணல் கொஞ்சம்தான், மெதுவாக ஓட்டி வீடு வரலாம். 20-இல் ஒன்று அறுந்தால் குட்டியானைதான்.

எடை? விளிம்பில் உள்ள எடை வேகமெடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்காகும் என்பது உண்மை; அது நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆனால் இரண்டு மடங்கு எதனுடையது என்று பாருங்கள். ரிம்களில் 300 கிராம் குறைத்தால் அது 600 கிராம் குறைந்த மாதிரி. 85 கிலோவில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. சீராக ஏறும் மலையிலோ அந்த இரட்டைக் கணக்கும் கிடையாது. 1,000 மீட்டர் உயரத்தை 200 வாட் சக்தியில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 300 கிராமால் மிச்சமாவது 15 வினாடி. மேலே போய் டீ ஆற்றுவதற்குள் அது போய்விடும்.

ஆழமான கார்பன் ரிம் காற்றை நன்றாகக் கிழிக்கும், மறுக்கவில்லை. வீலின் உச்சி வண்டியைப் போல இரு மடங்கு வேகத்தில் காற்றில் பாய்கிறது என்பதால் அங்கே வடிவம் முக்கியம்தான். ஆனால் காற்றை எதிர்க்கும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியாக ஏறுகிறது. 45 கிலோமீட்டர் வேகத்தில் 12 வாட் மிச்சம் பிடிக்கும் ரிம், 25-இல் ஓட்டும் நமக்கு 2 வாட்தான் தரும். கூடவே பக்கக்காற்றில் ஹேண்டில்பாரைப் பிடுங்கும்.

அந்தப் பணத்தை டயரில் போடலாம். 50 கிலோ சுமையும் 70 பி.எஸ்.ஐ. காற்றும் என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 10 சதுர சென்டிமீட்டர். அகலமோ குறுகலோ, காற்றழுத்தம் ஒன்றானால் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வடிவம் மட்டும் மாறுகிறது: குறுகல் டயரில் நீளமாக, அகல டயரில் குட்டையாக. குட்டையானால் ரப்பர் நசுங்கி நிமிர்வது குறைவு, வீணாகும் சக்தியும் குறைவு. 28 அல்லது 30 மில்லிமீட்டர் டயர் போடுங்கள், அதற்கு உள் அகலம் 19 முதல் 21 மில்லிமீட்டர் உள்ள ரிம். டயர் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லாத ரிம் வேண்டாம்: அதில் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, டயரும் அதற்குப் பொருந்தும் டயர்களின் பட்டியல் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம், பொருந்துமா என்று பார்ப்பது. சலிப்பான வேலை, ஆனால் தப்பினால் எல்லாம் வீண். டிஸ்க் ஃபிரேமில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் அச்சு, முன்னே 100, பின்னே 142 அகலம். ரிம் பிரேக் ஃபிரேமில் பின் அகலம் 130. ஷிமானோ 11 வேக ரோடு கேசட்டுக்கான (பின் பல்சக்கர அடுக்குக்கான) ஹப் உடல் பழைய 10 வேகத்ததைவிட 1.85 மில்லிமீட்டர் நீளம். பழைய ஹப்பில் அது ஏறாது.

புது வீலில் முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் கம்பிகள் தங்கள் இடத்தில் அமர்ந்து கொஞ்சம் இளகும். கோட்டம் எடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றால் விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின் வீலில் இடதுபக்கம் பாதி இறுக்கம் என்பதால் வலதுபக்கத்து மேல்ஸ்தாயி ஸவுக்கு அது ஏறக்குறைய பிரதிமத்யமத்தில் நிற்கும். அதற்கும் கீழே இறங்கி ஒரு கம்பி தொளதொளவென்று ஒலித்தால், அடுத்து அறுகப்போவது அதுதான்.