பிரசவ ஃபைலில் இதயத்தைப் பற்றிய குறிப்பு

நெஞ்சுவலி என்று வரும் பெண்ணிடம் சர்க்கரை உண்டா, பிபி உண்டா என்று கேட்பார்கள். "கர்ப்பமாக இருந்தபோது பிபி ஏறியதா?" என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வரும். பிள்ளைக்கே முப்பது வயதாகியிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அத்தனையையும் அதே இதயம்தான் தள்ளியாக வேண்டும். டிரெட்மில்லில் ஓடவிட்டு இதயத்தைச் சோதிப்பார்களே, அதை மாதக்கணக்கில் நடத்துவது போல.

இவ்வளவு இரத்தமும் குழந்தைக்குப் பயன்பட, கருப்பையின் தமனிகள் அகலமாக வேண்டும். நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் தமனிச் சுவருக்குள்ளேயே நுழைந்து, அதன் தசையைக் கரைத்து, தளர்ந்த குழாயாக்கிவிடுகின்றன. சில கர்ப்பங்களில் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். குழாய் குறுகலாகவே இருப்பதால் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் போதாது. அது சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரத்தக்குழாய்களின் உள்சுவர் நலமாக இருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணிகளை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. உடல் முழுக்கக் குழாய்கள் இறுகுகின்றன. 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90-ஐத் தொடுகிறது, பெரும்பாலும் சிறுநீரில் புரதமும் தெரிகிறது. இதுதான் பிரீஎக்லாம்ப்சியா.

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் பிபி இறங்கிவிடும். சரி, தொல்லை விட்டது என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். ஆனால் இவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. இதயச் செயலிழப்புக்கு நான்கு மடங்கு வரை. கர்ப்பம் குழாய்களைக் கெடுத்ததா, முன்பே இருந்த பலவீனத்தை வெளியே காட்டியதா? இரண்டுமே இருக்கலாம் என்பதுதான் இன்றைய கணிப்பு.

கர்ப்பகாலச் சர்க்கரையும் இப்படித்தான். பிரசவத்தோடு மறைந்து, பலருக்குப் பல வருடம் கழித்து நிரந்தரமாக வந்து உட்காரும்.

மாதவிடாய் 40 வயதுக்குள் நின்றுவிட்டாலும் இதய ஆபத்து கூடுகிறது. குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்க உதவும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீக்கிரமே குறைந்துவிடுவது ஒரு காரணம். அப்படியானால் மாதவிடாய் நின்ற எல்லோருக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் தப்புமா? அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த பிரிவை 2002-இல் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. மார்பகப் புற்றுநோய் கூடியது, மாரடைப்பும் குறையவில்லை.