ஆம்போரா: இருகாதுச் சாடி

ஆம்போரா என்பது பண்டைக் கிரேக்கரும் ரோமானியரும் ஒயின், ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றைக் கப்பலேற்றிய சுடுமண் கலம். ஒடுங்கிய கழுத்து, எதிரெதிரே இரண்டு காது: இவை இருந்தால்தான் அந்தப் பெயர். அடி பெரும்பாலும் கூம்பியிருக்கும். இத்தாலியில் ‘ஆன்ஃபொரா’ என்பார்கள். தமிழில் இருகாதுச் சாடி எனலாம். உள்ளே இருந்தது மது என்று உறுதியானால் மதுச்சாடி.

வேர் கிரேக்கம். ‘ஆம்ஃபி’ என்றால் இருபுறமும், ‘ஃபேரெய்ன்’ என்றால் சுமப்பது. இரண்டும் சேர்ந்த ‘ஆம்ஃபிஃபொரேயுஸ்’ தேய்ந்து ‘ஆம்ஃபொரேயுஸ்’ ஆனது. லத்தீனுக்குப் போய் ‘ஆம்ஃபொரா’ ஆனது. லத்தீனில் இதன் குறுமைப் பெயர் ‘ஆம்புல்லா’. ஊசிமருந்து அடைத்து வரும் கண்ணாடி ஆம்ப்யூல் அந்த வழியில் வந்ததுதான்.

ரோமில் இது முகத்தல் அளவையும்கூட. ஒரு ரோமானியக் கன அடி, அதாவது 48 செக்ஸ்தாரியுஸ், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 26 லிட்டர். கப்பலின் கொள்ளளவையே ‘இத்தனை ஆம்போரா’ என்று சொன்னார்கள். நம் ‘கலம்’ பாத்திரமாகவும் பன்னிரண்டு மரக்காலாகவும் இருப்பது போலத்தான். ஆகவே பழைய கணக்கில் இந்தச் சொல்லைக் கண்டால், சாடியா அளவா என்று பார்க்காமல் தமிழாக்கக் கூடாது.

அருங்காட்சியகத்தில் இரும்பு வளையத்தில் மாட்டி வைத்திருப்பதைப் பார்ப்பவர்களுக்கு, தானே நிற்காத சாடியை ஏன் செய்தார்கள் என்று தோன்றும். இது தரையில் நிற்கச் செய்த பாத்திரமே இல்லை. கப்பலில் கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு நடுவே மேல் வரிசையின் கூர்முனை இறங்கி உட்காரும். சாய்த்து ஊற்றும்போது அதே முனை மூன்றாவது பிடி. இத்தாலியின் லிகூரியக் கரையில் உள்ள அல்பெங்காவில், பண்டைக்காலத்தில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து 1950இல் எடுத்த சாடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் விளக்கமே வேண்டாம். அவை ‘டிரெசல் 1’ வகை: வெறும் சாடியே சுமார் 25 கிலோ, உள்ளே கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். பின்னால் வந்த ‘டிரெசல் 2-4’ இலேசானது. இரண்டு மண்திரிகளை ஒட்டிச் செய்த இரட்டைக் காது அதன் அடையாளம். வகைப்படுத்தியவர் ஹைன்ரிச் டிரெசல் என்ற ஜெர்மானியர். அவருடைய அட்டவணை 1899இல் வெளியானது.

சுட்ட மண் கசியும். அதனால் ஒயின் சாடிகளின் உட்புறம் பைன் பிசின் பூசினார்கள். மதுவில் அந்த வாடையும் ஏறியது. எண்ணெய் பிசினைக் கரைத்துவிடும் என்பதால் எண்ணெய்ச் சாடிகளுக்குப் பெரும்பாலும் பூச்சு கிடையாது. எண்ணெய் மண்ணில் ஊறிச் சிக்குப் பிடிக்கும், சாடியை மறுபடி பயன்படுத்த முடியாது. விளைவு, ரோமின் மோந்தே தெஸ்தாச்சோ: ஐந்து கோடிக்கு மேற்பட்ட சாடிகள் உடைந்து குவிந்ததாக மதிப்பிடப்படும், சுமார் 35 மீட்டர் உயரச் சில்லு மலை. பெரும்பாலானவை தென் ஸ்பெயினிலிருந்து வந்த உருண்டை வடிவ ‘டிரெசல் 20’. ஒன்று 70 லிட்டர் பிடிக்கும். நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். லத்தீன் ‘தெஸ்தா’, சில்லு. மலைக்கும் பேட்டைக்கும் பெயர் அதிலிருந்துதான்.

மெட்ரோ ‘பி’ தடத்தில் பிராமிதே நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மலைமேல் ஏற முன்பதிவு வேண்டும். சும்மா போனால் பூட்டிய கதவுதான். அடிவாரத்து உணவகங்கள் சிலவற்றில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் சில்லு அடுக்கே தெரியும். பழைய இறைச்சிக்கூடம் பக்கத்தில் இருந்ததால் இங்கே வால்கறிதான் பேர்போனது: மாட்டு வாலைத் தக்காளியும் செலரியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த ‘கோடா அல்லா வக்கினாரா’.

அதே பிராமிதேயிலிருந்து, ரோமின் பழைய துறைமுக நகரான ஒஸ்தியா அந்திகாவுக்கு ரயில் உண்டு. அங்கே கழுத்துவரை மண்ணில் புதைந்த பெருங்கலங்களை ஆம்போரா என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. அவை ‘தோலியும்’: காது இல்லை, வாய் அகலம், இருந்த இடத்தை விட்டு நகராது. பொம்பெயியின் உணவுக்கடை மேடைகளில் பதித்திருப்பவையும் தோலியும்தான். இதற்குத் ‘தாழி’, ‘தடா’ என்று நம்மிடம் அச்சான சொற்கள் இருக்கும்போது சாடி என்பானேன்?

தமிழ்நாட்டுத் தொல்லியல் எழுத்தில் ‘ஆம்போரா’ அப்படியே புழங்குகிறது. அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இதன் சில்லுகள் கிடைத்தன. புறநானூறு 56இல் ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ வருகிறது. இங்கே ‘கலம்’ குப்பியா கப்பலா என்று இரு கருத்துண்டு. அந்த ஐயத்தாலேயே ஆம்போராவுக்குக் ‘கலம்’ போதாது. ‘தேறல்’ மட்டும் தெளிந்த மதுவுக்கு இன்றும் பொருந்தும்.

இன்றைய இத்தாலிய ஒயின் பட்டியல்களில் ‘இன் ஆன்ஃபொரா’ என்று வந்தால் அது பெரும்பாலும் சாடியில் அனுப்பியது அல்ல, மண்கலத்தில் நொதித்தது. வடகிழக்கு இத்தாலியின் ஃப்ரியூலியில் ஒயின் தயாரிப்பாளர் யோஸ்கோ கிராவ்னர் 2001 முதல் பயன்படுத்துவது ஜார்ஜிய ‘க்வெவ்ரி’; காது இல்லாமல் மண்ணில் புதைந்து, உள்ளே தேன்மெழுகு பூசியது. பெயர் ஆன்ஃபொரா, பொருள் தாழி. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு மாதக்கணக்கில் ஊறவிடுவதால் நிறம் செம்பொன்னாகி, துவர்ப்பு ஏறும். ஐஸில் வைத்தால் மணம் அடங்கித் துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். 14, 15 டிகிரியில் ஊற்றச் சொல்லிக் கேளுங்கள்.