ஃபர்ஃபுரால்: பெயரில் தவிடு, கொப்பரையில் களை

ஆகாயத்தாமரை போன்ற ஆக்கிரமிப்புக் களைகளிலிருந்து வேதிப்பொருள் எடுப்பதைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் சொல் ஃபர்ஃபுரால். இது பாதாம் வாசனையுள்ள, எண்ணெய் போன்ற திரவம். நிறமற்றது, ஆனால் காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும். மசகு எண்ணெயைச் சுத்திகரிக்கவும், உலோக வார்ப்புக்கான பிசின் செய்யவும் பயன்படுகிறது.

லத்தீனில் 'ஃபர்ஃபர்' என்றால் தவிடு. பொடுகுக்கும் அதே சொல்தான். பொடுகோடு தொடர்புள்ள 'மலசீசியா ஃபர்ஃபர்' என்ற பூஞ்சையின் பெயரிலும் அது இருக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் ஃபார்மிக் அமிலம் தயாரித்தபோது சிறிதளவு கிடைத்த இப்பொருளைப் பற்றி 1832இல் எழுதினார். 1845இல் ஜார்ஜ் ஃபௌன்ஸ் தவிட்டிலிருந்து எடுத்து 'ஃபர்ஃபுரோல்' என்று பெயர் வைத்தார். 'ஓல்' என்பது எண்ணெயைக் குறித்தது. அப்புறம் இது ஆல்டிஹைடு என்ற கரிமச் சேர்ம வகை என்பதால் ஈறு 'ஆல்' ஆனது.

சரி, தவிட்டுக்கும் களைக்கும் என்ன உறவு? இரண்டிலும் ஹெமிசெல்லுலோஸ் இருக்கிறது. தாவரச் செல்சுவரில் உள்ள, சர்க்கரைகள் கோத்த சங்கிலி அது. சூடான நீரில் அமிலம் அதை உடைத்து சைலோஸ் என்ற சர்க்கரையாக்கும். ஒரு சைலோஸ் மூலக்கூறு 3 நீர் மூலக்கூறுகளை இழந்தால் ஃபர்ஃபுரால். இதற்குக் கந்தக அமிலம் வெகுகாலமாகப் பயன்படுகிறது. ஆனால் அது கலன்களை அரிக்கும். கழிவைச் சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்க வேண்டும். அதனால்தான் புளியாரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் போன்ற தாவர அமிலங்கள் மீது ஆர்வம் வந்தது. இவை வலிமை குறைந்தவை. கூடுதல் வெப்பமோ நேரமோ தேவைப்படும். உருவான ஃபர்ஃபுராலை அமிலத்திலேயே விட்டுவைத்தால் கரிய பிசினாகி வீணாகும். ஆகவே நீராவியோடு உடனுக்குடன் வெளியேற்றுவார்கள்.

அமிலத்தைவிடப் பெரிய தடை தண்ணீர் என்பேன். ஆகாயத்தாமரையின் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். அதைச் சுமந்து, பிழிந்து, உலர்த்தும் செலவைச் சேர்க்காத கணக்கை நான் நம்பமாட்டேன்.

ஃபர்ஃபுராலைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'தவிட்டெண்ணெய்' கூடவே கூடாது. அது சமையல் எண்ணெயின் பெயர், ஃபர்ஃபுராலோ நச்சுப்பொருள். வேர்ப்பொருளும் வேதிவகையும் தெரியும்படி 'தவிட்டு ஆல்டிஹைடு' என்பதே என் தேர்வு. கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் இதையும் ஃபர்ஃபுராலையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு தமிழ்ப் பெயரை மட்டும் ஆளலாம்.