ஐந்தாம் வகை எமிலி, ஒன்றாம் வகை ஸ்டான்

2005 அக்டோபர் 19. கரீபியன் கடலுக்கு மேலே அமெரிக்க விமானப்படையின் வானிலை விமானம் ஒன்று வில்மா என்ற சூறாவளிக்குள் நுழைந்து, பாராசூட் கட்டிய சிறு உருளை ஒன்றைக் கீழே போட்டது. விழும் வழியெல்லாம் காற்றழுத்தம், வெப்பம், ஈரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் கருவி அது. கடலைத் தொடும் தறுவாயில் அது சொன்ன அழுத்தம் 884 மில்லிபார். கூடவே, அந்த இடத்தில் காற்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வீசுவதாகவும் சொன்னது. புயலின் கண்ணுக்கு நட்டநடுவில் காற்று அடங்கிக் கிடக்க வேண்டும். அப்படியென்றால் உருளை மையத்தில் விழவில்லை, சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது. வானிலையாளர்கள் இரண்டு மில்லிபாரைக் கழித்து 882 என்று பதிந்தார்கள். அட்லாண்டிக் கடலில் பதிவானவற்றிலேயே மிகக் குறைந்த அழுத்தம் அதுதான். இன்றுவரை அதை எந்தப் புயலும் முறியடிக்கவில்லை.

குறி தப்பியதற்கு விமானத்தில் இருந்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பொதுவாகப் புயலின் கண் 30 முதல் 60 கிலோமீட்டர் அகலம் இருக்கும். வில்மாவின் கண் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. நடக்கத் தரை இருந்தால் முக்கால் மணி நேரத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்துவிடலாம். முந்தைய 24 மணி நேரத்தில் மட்டும் அதன் அழுத்தம் 97 மில்லிபார் சரிந்திருந்தது.

இவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது? கொதிக்கும் தண்ணீர் பட்டதைவிட இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால்தான் கை அதிகம் பொசுங்கும். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, அது ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் அதை முழுதாக ஆவியாக்க ஆகும். வெயில் காய்ந்த கடலிலிருந்து எழும் ஆவி இந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. மேலே குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை இறக்கிவைக்கிறது. சூடான காற்று இன்னும் மேலே ஏறுகிறது, அடியில் அழுத்தம் குறைகிறது, குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலும் இருந்து காற்று ஓடி வருகிறது. வரும் வழியில் அதுவும் கடலிலிருந்து ஆவியை வாரிக்கொண்டு வருகிறது.

பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக மையத்துக்கு வர முடியாமல் வளைந்து சுற்றத் தொடங்குகிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது கயிற்றை உள்ளே இழுத்தால் சுற்று விரைவாகுமே, அப்படித்தான் மையத்தை நெருங்க நெருங்கக் காற்று வேகம் பிடிக்கிறது. கண்ணைச் சுற்றி எழும்பும் மேகச் சுவரில்தான் காற்று உச்சம். கண் சுருங்கினால் அந்தச் சுவரின் வேகம் கூடும். வில்மாவின் சுவரில் காற்று மணிக்கு 295 கிலோமீட்டர் வீசியது.

அந்த வேகத்துக்குப் பெயர் ஐந்தாம் வகை. ஹெர்பர்ட் சஃபீர் என்ற பொறியாளரும் ராபர்ட் சிம்ப்சன் என்ற வானிலையாளரும் 1970களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோல் அது. காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் ஒன்றாம் வகை, 252-ஐத் தொட்டால் ஐந்தாம் வகை. 2005-ல் அட்லாண்டிக்கில் உருவான புயல்கள் மொத்தம் 28. அவற்றில் ஒன்றாம் வகையையாவது தொட்டுச் சூறாவளி ஆனவை 15. எமிலி, கத்ரீனா, ரீட்டா, வில்மா ஆகிய நான்கு ஐந்தாம் வகையைத் தொட்டன. அதற்கு முன் எந்த ஆண்டிலும் ஒரே பருவத்தில் நான்கு தொட்டதாகப் பதிவில்லை.

எண்ணுக்கு ஒரு வசியம் உண்டு. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை போகிறது. அது கப்பல்காரர்களுக்குச் சொல்லும் செய்தி. ஆனாலும் பத்தாம் எண் என்று செய்தியில் கேட்டதும் ஊரே கலங்குகிறது, மூன்றாம் எண் என்றால் தேநீரை உறிஞ்சிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். சஃபீர்–சிம்ப்சன் எண் சொல்வதோ ஒன்றே ஒன்றுதான்: புயலின் மிக வலுவான ஓர் இடத்தில் காற்று எவ்வளவு வேகம். அது எவ்வளவு பெரிய புயல், எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எந்த மண்ணின் மேல் மழையைக் கொட்டப்போகிறது, நேற்று என்னவாக இருந்தது என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. ஆளைக் கொன்றவை பெரும்பாலும் இவைதான்.

கத்ரீனாவை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 23 அன்று பஹாமாஸ் அருகே உருவாகி, 25 அன்று ஒன்றாம் வகையாக ஃபுளோரிடாவைக் கடந்து, மெக்சிகோ வளைகுடாவுக்குள் இறங்கியது. அங்கே கரீபியனிலிருந்து வந்து வளைந்து திரும்பும் ஒரு வெந்நீர் ஓட்டம் இருக்கிறது. சாதாரணமாக, புயல் கடலைக் கலக்கும்போது அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்வது போல. இந்த ஓட்டத்திலோ வெப்பம் ஆழம் வரை இறங்கியிருக்கிறது. எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவது வெந்நீர்தான். அதன் மேல் வந்த கத்ரீனா, 28 அன்று மணிக்கு 280 கிலோமீட்டர் காற்றோடு ஐந்தாம் வகை ஆனது. வேகம் கூடியது மட்டுமல்ல, உருவமும் பெருத்துவிட்டது.

மறுநாள் காலை லூசியானாவில் கரையைக் கடக்கும்போது காற்று 205 கிலோமீட்டராகக் குறைந்திருந்தது. மூன்றாம் வகை. எண் இரண்டு படி இறங்கியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு.

ஆனால் காற்று குறைந்த வேகத்தில் கடல் குறையவில்லை. முந்தைய நாள் ஐந்தாம் வகைக் காற்று தள்ளிக்கொண்டு வந்த நீர் அது. காற்று தணிந்த செய்தி அந்த நீருக்கு உடனே போய்ச் சேராது. ஆழ்கடலில் தள்ளப்படும் நீர் கீழே இறங்கி விலகிக்கொள்ள இடம் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் கரையோரத்தில் கடல் வெகு தூரம்வரை ஆழமில்லாதது. அங்கே நீருக்குப் போக்கிடம் இல்லை, மேலேறி நிலத்துக்குள் வர வேண்டியதுதான். புயலின் அகலம் பெரிதானால் தள்ளும் பரப்பும் பெரிது. அழுத்தம் குறைந்ததால் கடல் மேலெழுவதும் உண்டு, ஆனால் அது சொற்பம். ஒரு மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்தால், கத்ரீனாவுக்கு ஒரு மீட்டர்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் காற்று தள்ளிய நீர். பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடல் எட்டரை மீட்டர் எழுந்தது. இரண்டு மாடி வீட்டின் உயரம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய கடலும் இப்படி ஆழமில்லாத பரப்பில் காற்றால் தள்ளப்பட்டு வந்ததுதான்.

பாஸ் கிறிஸ்டியன்காரர்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருந்தது. 1969-ல் கமீல் என்ற ஐந்தாம் வகைச் சூறாவளி அதே ஊரைத் தாக்கியிருந்தது. அன்று கடல் சுமார் ஏழரை மீட்டர் எழுந்தது. கமீலையே பார்த்துவிட்டோம், கமீலில் தப்பிய வீடு இதில் போகுமா என்று பலர் வெளியேறாமல் இருந்தார்கள். கமீல் வேகமான, உருவில் சிறிய புயல். கத்ரீனா வேகம் குறைந்த, மிகப் பெரிய புயல். கமீல் தொடாத படிகளையும் கத்ரீனா தாண்டிப் போனது. அனுபவம் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் ஒப்பிட்டது எண்ணோடு எண்ணை.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குள் கத்ரீனாவின் காற்று மூன்றாம் வகையாகக்கூட இல்லை. நகரத்தின் பெரும்பகுதியில் வீசியது ஒன்றாம், இரண்டாம் வகைக் காற்றுதான். அந்த நகரம் ஒரு கிண்ணம். ஏறத்தாழப் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பெய்யும் மழையைப் பம்பு வைத்து இறைத்து, கால்வாய்கள் வழியாக வடக்கே இருக்கும் பான்சர்ட்ரெயின் ஏரியில் கொட்டுவார்கள். கடல் பொங்கி ஏரி நிரம்பியபோது, வெளியேற்றுவதற்கு வெட்டிய அதே கால்வாய்கள் வழியாக நீர் ஊருக்குள் திரும்பி வந்தது. கால்வாயின் இரு கரையிலும் கான்கிரீட் சுவர்கள் நின்றன. பதினேழாம் தெருக் கால்வாயில் நீர் சுவரின் உச்சியை எட்டவே இல்லை. அதற்கு முன்பே சுவர் சாய்ந்தது. நீரின் பாரத்தில் சுவர் லேசாக வளைய, சுவருக்கும் கரை மண்ணுக்கும் நடுவே ஒரு பிளவு திறந்தது. பிளவுக்குள் நீர் இறங்கி அடிவரை அழுத்தியது. அடியில் இருந்த மெத்தென்ற களிமண் வழுக்கிக்கொண்டு நகர, கரையே பெயர்ந்து போனது. சுவர்களைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 2006-ல் வடிவமைப்புத் தவறை ஒப்புக்கொண்டது. நகரத்தில் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. கத்ரீனாவில் இறந்தவர்கள் 1,833 பேர் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2023-ல் தேசிய சூறாவளி மையம் மறுகணக்கெடுத்து 1,392 என்று திருத்தியது.

நான்கே வாரத்தில் ரீட்டா வந்தது. கத்ரீனாவின் படங்கள் டிவியில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஹூஸ்டன் பகுதியிலிருந்து 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் காரைக் கிளப்பினார்கள். நெடுஞ்சாலைகள் நாள் முழுக்க நகரவில்லை, பெட்ரோல் தீர்ந்தது, வெயில் கொளுத்தியது. முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் டாலஸ் அருகே தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்து, 23 பேர் இறந்தார்கள். புயலின் காற்றும் நீரும் நேரடியாகக் கொன்றது ஏழு பேரை. வெளியேறும் வழியில் இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர்.

இப்போது ஸ்டான். அக்டோபர் 4 அன்று மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 130 கிலோமீட்டர், ஒன்றாம் வகை. சூறாவளியாக அது இருந்ததே சில மணி நேரம்தான். ஆனால் அதைச் சுற்றி மத்திய அமெரிக்கா முழுவதையும் போர்த்திய ஒரு பெரும் சுழற்சி, பசிபிக் கடலின் ஈரக்காற்றை மலைகளின் மேல் நாள்கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். கொட்டியது எரிமலைச் சாம்பல் படிந்த சரிவுகளில். குவாத்தமாலாவில் அதித்லான் ஏரிக்கரையில் இருக்கும் பனபாஹ் என்ற கிராமத்தின் மேல் அக்டோபர் 5 விடியற்காலையில் மலைச்சேறு இறங்கியது. மாயா மக்கள் வாழ்ந்த ஊர். சேறு இறுகிய பிறகு தோண்டித் தீராது என்று, கிராமத்தையே பெருங்கல்லறையாக அறிவித்தார்கள். அந்த வாரத்து மழைக்கு மத்திய அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இதில் எத்தனை பேரை ஸ்டானின் கணக்கில் எழுதுவது, எத்தனை பேரைப் பெரும் சுழற்சியின் கணக்கில் எழுதுவது என்று வானிலையாளர்களே தயங்குகிறார்கள். நேரடிக் கணக்கு என்று அமெரிக்க அறிக்கை எழுதியது 80 பேர் மட்டும். புயலுக்கு எல்லைக்கோடு கிடையாது, அறிக்கைக்கு வேண்டியிருக்கிறது.

அதே அக்டோபரில், மேலே சொன்ன வில்மா யுகட்டான் தீபகற்பத்தின் மேல் வந்து நகராமல் உட்கார்ந்தது. இஸ்லா முஹேரெஸ் என்ற சிறு தீவில் 24 மணி நேரத்தில் 1,634 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இருந்தும் மெக்சிகோவில் வில்மாவால் நேரடியாக இறந்தவர்கள் நான்கு பேர்தான். யுகட்டான் சரிவில்லாத சுண்ணாம்புப் பாறை நிலம். நீர் பாறை இடுக்குகளில் இறங்கிப் போய்விடுகிறது, உருண்டு வர மலை இல்லை. கான்குன் கடற்கரையின் மணலைத்தான் கடல் வாரிக்கொண்டு போனது. உல்லாச விடுதிகள் பாறையைப் பார்த்து நின்றன.

வில்மாவோடு அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய 21 பெயர்களும் தீர்ந்துவிட்டன. அடுத்தது ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளுக்குப் போனார்கள். அதற்கு முன் அப்படிப் போக நேர்ந்ததே இல்லை. பருவத்தின் கடைசிப் புயல்களில் சில விசித்திரமானவை. பட்டியலில் இருந்தே பெயர் கிடைத்த வின்ஸ், வழக்கத்தைவிடக் குளிர்ந்த நீரில் மதெய்ரா தீவருகே பிறந்து, தளர்ந்துபோய் ஸ்பெயினில் கரையேறியது. டெல்டா வலுவிழந்த பிறகும் கேனரித் தீவுகளில் புகுந்து, கடவுளின் விரல் என்று அங்குள்ளவர்கள் அழைத்துவந்த பாறைத் தூணின் நுனியை முறித்துக் கடலில் போட்டது. எப்சிலன் டிசம்பரில் சூறாவளியாகி, தளர மறுத்தது. ஏன் வலுப்பெறுகிறது என்பதற்குத் தெளிவான காரணம் இல்லை, ஒன்றை இட்டுக்கட்டவும் போவதில்லை என்று அதிகாரபூர்வ அறிவிப்பிலேயே வானிலையாளர் ஒருவர் எழுதினார். அரசாங்க அறிக்கையில் அப்படி ஒரு வாக்கியம் வருவது அபூர்வம். எனக்கு அந்தப் பருவத்தில் மிகப் பிடித்த வாக்கியம் அதுதான். நவம்பர் 30-ல் முடிய வேண்டிய பருவம், ஜீட்டா என்ற புயல் 2006 ஜனவரி 6 அன்று கரைந்த பிறகே முடிந்தது. 30 புயல்கள் வந்த 2020-தான் பிறகு எண்ணிக்கையில் இதைத் தாண்டியது. அப்போதும் கிரேக்க எழுத்துகள் தேவைப்பட்டன. மறு ஆண்டே அந்த வழக்கத்தைக் கைவிட்டு, கூடுதல் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டார்கள்.

சஃபீர்–சிம்ப்சன் அளவுகோலும் மாறியது. 2005-ல் ஒவ்வொரு வகைக்கும் கடல் இத்தனை மீட்டர் எழும் என்று ஒரு மதிப்பும் அதில் சேர்ந்தே இருந்தது. மூன்றாம் வகைக் கத்ரீனா ஐந்தாம் வகைக்குரிய உயரத்தைத் தாண்டிய பிறகு அந்தப் பத்தியை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து என்று பட்டது. 2010-ல் அதை நீக்கி, இது காற்றுக்கு மட்டுமான அளவுகோல் என்று பெயரிலேயே எழுதிவிட்டார்கள். கடல் பொங்குவதற்கு என்று தனி எச்சரிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது.

புயல் பெயர்கள் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பெரும் சேதம் செய்த பெயரை மட்டும் நாடுகள் கூடிப் பேசி நீக்குவார்கள். 2005-லிருந்து நீக்கியவை ஐந்து: டென்னிஸ், கத்ரீனா, ரீட்டா, ஸ்டான், வில்மா. ஜூலை மாதத்திலேயே ஐந்தாம் வகையாக வளர்ந்த எமிலி அந்தப் பட்டியலில் இல்லை. எமிலி என்ற பெயரில் 2011-லும் 2017-லும் 2023-லும் புயல் வந்தது. ஒன்றாம் வகை ஸ்டான் இனி வராது.