டிரைக்கோமோனாஸ் தொற்றும் புராஸ்டேட் புற்றுநோய் பற்றிய அச்சமும்

மனைவியின் பரிசோதனை அறிக்கையில் டிரைக்கோமோனாஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது தங்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயாக மாறிவிடுமா என்று பதற்றத்துடன் கேட்கும் ஆண்கள் சிறுநீரியல் மருத்துவரான என்னிடம் வருவதுண்டு. அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை.

டிரைக்கோமோனாஸ் வஜைனாலிஸ், சாட்டை போன்ற இழைகளை அசைத்து நகரும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. உடலுறவின் வழியாகப் பரவுகிறது. 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம் சுமார் 15.6 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றில் பாதிக்கும் மேல் ஆண்களுக்கு ஏற்பட்டவை. பெண்களுக்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் தொற்றைக் காட்டிக்கொடுக்கக்கூடும். ஆண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. சிலருக்கு மட்டும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ லேசான கசிவோ இருக்கும். சிறுநீர்த்தாரையில் தங்கும் இந்த ஒட்டுண்ணி புராஸ்டேட் சுரப்பி வரையிலும் செல்லக்கூடியது என்பதால்தான் புற்றுநோய் பற்றிய கேள்வி எழுந்தது.

ஒட்டுண்ணியால் புற்றுநோய் வருமா என்றால், சிலவற்றால் வரும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஷிஸ்டோசோமா ஹெமட்டோபியம் என்ற புழுவின் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் சிக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அழற்சியைத் தூண்டி, இறுதியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கின்றன. இப்புழுவின் தொற்றைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. டிரைக்கோமோனாஸ் அந்தப் பிரிவில் இல்லை.

2006இலும் 2009இலும் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள், சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளில் இந்த ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புரதத்தைத் தேடின. அது இருந்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய், குறிப்பாகத் தீவிரமாகப் பரவும் வகை, கூடுதலாகக் காணப்படுவதாக அவை சுட்டின. 2014இல் வெளியான ஆய்வொன்று, இந்த ஒட்டுண்ணி சுரக்கும் ஒரு புரதம் மனித உடலின் அழற்சிப் புரதம் ஒன்றை ஒத்திருப்பதையும், ஆய்வுக்கூடத்தில் புராஸ்டேட் செல்களின் பெருக்கத்தைத் தூண்டுவதையும் காட்டியது. ஆனால் பின்னர் நடந்த வேறு சில ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. எதிர்ப்புரதம் இருப்பது தொற்று எப்போது வந்தது, எவ்வளவு காலம் நீடித்தது என்பதைச் சொல்லாது. தட்டில் வளர்த்த செல்லுக்கு நேர்வதெல்லாம் மனித உடலிலும் நேரும் என்று கொள்ளவும் முடியாது. ஆகவே, என் மதிப்பீட்டில் இது மேலும் ஆராயப்பட வேண்டிய ஐயம்தானே தவிர, நிறுவப்பட்ட காரணம் அல்ல.

இத்தொற்று வந்துவிட்டது என்பதற்காக மட்டும் புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பிஎஸ்ஏ பரிசோதனைக்கோ, திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கோ ஓட வேண்டியதில்லை. புராஸ்டேட்டில் அழற்சி இருக்கும்போது பிஎஸ்ஏ அளவு உயர்ந்து தேவையற்ற பீதியைக் கிளப்பலாம் என்பதால், முதலில் தொற்றைக் குணப்படுத்துவதே முறை. வயதும் குடும்பத்தில் இந்நோய் இருந்த வரலாறும் அப்பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதற்கு உரிய காரணங்கள்.

புற்றுநோய் பற்றிய ஐயம் தீராவிட்டாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் இத்தொற்று எச்ஐவி தொற்றும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மெட்ரோனிடசோல் மாத்திரையால் பெரும்பாலும் குணமாகிவிடும்; ஆனால் தம்பதியரில் ஒருவர் மட்டும் மருந்து உண்டால் மற்றவரிடமிருந்து தொற்று திரும்பி வரும் என்பதால், அறிகுறி இல்லாத கணவரும் சேர்ந்தே சிகிச்சை பெற வேண்டும், அது முடியும் வரை இருவரும் உறவைத் தவிர்க்கவும் வேண்டும். எடுத்து நெடுநேரமான மாதிரியில் ஒட்டுண்ணியின் அசைவு நின்றுவிடுவதால் நுண்ணோக்கியில் அது தவறிப்போகக்கூடும். வசதி உள்ள இடங்களில் பிசிஆர் போன்ற மரபணுப் பரிசோதனையே நம்பகமானது.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், பழைய தொற்றின் மிச்சம் என்று நீங்களாகவே முடிவுகட்டாமல் உடனே சிறுநீர்ப்பையையும் சிறுநீரகங்களையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.